மூட்டுவலிக்கு எந்த இலை, எவ்வளவு சூடு, எதுவரை?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு முழங்காலும் வலி, மாடி ஏற முடியவில்லை. மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் ஆளுக்கொரு இலை சொல்கிறார்கள்: நொச்சி, எருக்கு, வாதநாராயணன், ஊமத்தை. எது நல்லது, எப்படிப் போடுவது? முடக்கத்தான் உள்ளுக்குச் சாப்பிட்டால் முட்டி சரியாகுமா? தம்பிக்குத் தோள்பட்டையில் பிடிப்பு, அவனுக்கும் இதே வைத்தியம் போதுமா?"

முதலில் நேரான பதில். நொச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வாதநாராயணனை வெளியே போடலாம். எருக்கு உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். ஊமத்தை யாருக்குமே வேண்டாம். முடக்கத்தான் சாப்பிடுவதில் தப்பில்லை, ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் எந்த இலை என்று யோசிப்பதற்கு முன்னால் எவ்வளவு சூடு என்று யோசிக்க வேண்டும். இலை வைத்தியத்தில் நான் கேள்விப்படும் கெடுதல்களில் பாதிக்கு மேல் இலையால் வந்தவை அல்ல, சூட்டால் வந்தவை.

இலை ஒத்தடம் ஏன் வலியைக் குறைக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரிந்தால் எந்த இலையை நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். வதக்கிய இலையில் ஈரம் இருக்கிறது. ஈரச்சூடு உலர்ந்த சூட்டைவிடத் தோலில் சீக்கிரம் இறங்கும். இறுகிய தசை தளரும், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும். அப்புறம், சூடும் அழுத்தமும் தொடுகையும் ஒரே நேரத்தில் போகும்போது முதுகுத்தண்டு மட்டத்திலேயே வலிச் செய்தி கொஞ்சம் மட்டுப்படுகிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாயிற்கதவு' கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. அடிபட்ட இடத்தை நம்மை அறியாமல் தேய்த்துவிட்டுக்கொள்கிறோமே, அதுவும் இதே கணக்குதான்.

இந்த வேலையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டும் செய்யும். அப்படியானால் இலை எதற்கு? துண்டு இரண்டு மூன்று நிமிஷத்தில் ஆறிவிடும். எண்ணெயில் வதக்கிக் கிழியாகக் கட்டிய இலை சூட்டை அதிக நேரம் பிடித்து வைக்கும். எண்ணெய் கசிவதால் தோலில் வழுக்கிக்கொண்டு போகும், தேய்க்க வசதி. இலையின் வாசனை எண்ணெய்களும் வேறு சில பொருள்களும் தோல் வழியே கொஞ்சம் உள்ளே போகின்றன. எவ்வளவு போகிறது என்பது இடத்தைப் பொறுத்தது. கை விரல் மூட்டு, மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் ஆகியவை தோலுக்கு அருகில் இருப்பவை. இடுப்பு மூட்டு தசைக்கும் கொழுப்புக்கும் அடியில் ஆழமாக இருக்கிறது. எந்த இலையும் எந்த ஜெல்லும் அங்கே போய்ச் சேராது. இடுப்பில் இலை போட்டு ஆறுதல் கிடைத்தால், அது மேலே இருக்கிற தசை தளர்ந்த ஆறுதல்.

இலைக்குச் சாட்சியே இல்லை என்பவர்களுக்கு ஒரு ஜெர்மன் ஆய்வைக் காட்டலாம். 2016-ல் வெளியானது. முழங்கால் தேய்மானம் உள்ள 81 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் முட்டைக்கோஸ் இலையை முழங்காலில் கட்டிக்கொண்டது. இன்னொரு குழு டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரண ஜெல்லைத் தடவியது. மூன்றாவது குழு வழக்கமான சிகிச்சையையே தொடர்ந்தது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சைக் குழுவைவிட இலை கட்டியவர்களுக்கு வலி குறைவு. ஜெல்லுக்கும் இலைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம் வீட்டில் பொரியலுக்குப் போகிற இலை! ஆனால் ஒன்று: தன் காலில் கட்டியிருப்பது இலை என்று அவரவருக்குத் தெரியும். நம்பிக்கையும், தினமும் இரண்டு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்த ஓய்வும் சேர்ந்து கொடுத்த பலன் எவ்வளவு, இலை கொடுத்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. என்னைக் கேட்டால், வலிக்கிறவருக்கு அந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. செலவும் ஆபத்தும் குறைவாக இருந்தால் போதும்.

அதனால்தான் 'எந்த இலைக்குச் சக்தி அதிகம்' என்று நான் தேடுவதில்லை. எது தோலைப் புண்ணாக்காது, எது தப்பிப்போய் வாயிலோ கண்ணிலோ பட்டாலும் பெரிய ஆபத்தில்லை, எது சுலபமாகக் கிடைக்கும் என்று பார்க்கிறேன். அந்தக் கணக்கில் நொச்சி முதலில் நிற்கிறது.

நொச்சி வேலியோரத்தில் தானாக வளரும் குறுமரம். ஒரு காம்பில் ஐந்து சிற்றிலைகள், சிலவற்றில் மூன்று. மேல்புறம் கரும்பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெளுப்பு. கசக்கினால் மூக்கில் ஏறும் காரமான வாசனை. பூ நீலமும் ஊதாவும் கலந்த சின்னப் பூ. ஆடு மாடு அவ்வளவாகக் கடிக்காது, அதனால்தான் வேலிக்கு வைத்தார்கள். இலையில் வாசனை எண்ணெயும் ஃப்ளேவனாய்டுகளும் உண்டு. எலிகளிடம் நடந்த சோதனைகளில் இலைச்சாறு வீக்கத்தையும் வலியையும் குறைத்திருக்கிறது. கருநொச்சி என்று ஒன்றைக் காட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்தப் பெயரில் நொச்சிக்குச் சம்பந்தமே இல்லாத, நீண்டு ஒடுங்கிய ஒற்றை இலையும் கருஞ்சிவப்புத் தண்டும் கொண்ட வேறு செடி ஒன்றும் உண்டு. அதையும் வாதத்துக்குப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் நான் இங்கே சொல்வது அதை அல்ல.

சித்த மருத்துவத்தில் புறமருந்துகள் மட்டும் 32 வகை. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம் என்று பட்டியல் நீளும். வீட்டில் செய்துகொள்ள ஏற்றது இலைக்கிழி ஒற்றடம்தான். அதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன். ஏனென்றால் பலர் இதில் பாதியை விட்டுவிட்டு 'போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்கிறார்கள்.

இரண்டு கைப்பிடி நொச்சி இலையை உருவி, கழுவி, தண்ணீர் சுத்தமாக வடிய விடுங்கள். ஈரம் நின்றால் எண்ணெய் தெறிக்கும். பொடிப்பொடியாக நறுக்க வேண்டாம், இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் போதும். இரும்புச் சட்டியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, மிதமான தீயில் இலையைப் போட்டுப் புரட்டுங்கள். முதலில் சலசலவென்று சத்தம் வரும், அது இலை நீர் விடுகிற சத்தம். சத்தம் அடங்கி, பளிச்சென்ற பச்சை மங்கி, சட்டி நிறைய இருந்தது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்போது இறக்கிவிட வேண்டும். இன்னும் வறுத்து முறுகவிட்டால் ஈரம் போய்விடும். பிறகு அது வெறும் சூடான சருகு.

பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக விரித்து, நடுவில் இலையைக் கொட்டி, பிடித்துக்கொள்ளக் கழுத்து விட்டு இறுக்கமாகக் கட்டுங்கள். புதுத்துணியில் எண்ணெய் சரியாகக் கசியாது. நைலான் கலந்த துணி சட்டியில் ஒட்டிக்கொள்ளும். கிழி இரண்டு இருக்கட்டும். ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று சிறுதீயில் சட்டியில் காயட்டும். எடுத்ததும் அப்படியே காலில் வைக்காதீர்கள். சட்டியைத் தொட்ட அடிப்பக்கம் நடுவைவிடப் பல மடங்கு சூடாக இருக்கும். ஒரு தட்டில் நாலு தட்டுத் தட்டி, உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். இதமாக, எடுக்கத் தோன்றாத அளவுக்கு இருந்தால்தான் அம்மாவின் காலுக்குப் போக வேண்டும்.

ஆரம்பத்தில் ஒற்றி ஒற்றி எடுங்கள், ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். சூடு கொஞ்சம் இறங்கியபின் அழுத்தித் தேய்க்கலாம். முட்டிச் சில்லுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்காமல், அதன் இருபுறமும் தொடையின் முன்புறமும் நன்றாகப் போங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குத் தொடைத் தசை இறுகிக் கிடக்கும். பாதி ஆறுதல் அங்கிருந்துதான் வரும். முழங்காலின் பின்குழியில் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன, அங்கே அழுத்தம் வேண்டாம். மொத்தம் 15 முதல் 20 நிமிஷம். காலையும் மாலையும் அதே கிழியைச் சூடாக்கிக்கொள்ளலாம், மறுநாளுக்குப் புது இலை போடுங்கள். ஒற்றடம் போட்டபின் காற்றுப் படக்கூடாது என்பார்கள். பட்டால் சூடு சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான், வாயு ஏறிவிடாது.

சட்டி, கிழி என்று மெனக்கெட முடியாத நாளில், நான்கைந்து கொத்து நொச்சியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, துண்டை நனைத்துப் பிழிந்து போடலாம். உடம்பு முழுக்க வலிக்கிறது என்றால் அந்தத் தண்ணீரில் குளிக்கலாம்.

இப்போது சர்க்கரை விஷயம். பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் நரம்புகள் மெல்ல உணர்வு இழக்கும். முட்டி வலி தெரியும், ஆனால் தோலில் சூடு தெரியாது. 'இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், ஒன்றுமே தெரியவில்லை' என்று அம்மா சொன்னால் சூட்டைக் கூட்டாதீர்கள், அன்றைக்கு ஒற்றடத்தையே நிறுத்திவிடுங்கள். 60 டிகிரிச் சூடு தோலைச் சுட ஐந்து நொடி போதும். கையில் பட்டால் இதமாகத் தோன்றுகிற 44 டிகிரிகூட, ஆறு மணி நேரம் விடாமல் பட்டுக்கொண்டே இருந்தால் தீக்காயம் உண்டாக்கும். சூடான இலையை வைத்துக் கட்டி, அதன்மேல் வெந்நீர்ப் பையையும் வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது என்பது இதனால்தான். சூட்டைச் சோதிப்பது எப்போதும் உங்கள் கையாக இருக்கட்டும். பாதத்தில் பஞ்சால் தடவி, தெரிகிறதா என்று கண்ணை மூடச்சொல்லிக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே சூடு எதுவும் வேண்டாம். வெடிப்பு, சிரங்கு, ஆறாத புண் இருக்கும் இடத்திலும் கூடாது.

தைலம் தடவிவிட்டு அதன்மேல் சூடான கிழி போடுகிறவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம். வலித் தைலங்களில் பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட் இருக்கும். நீலகிரி மலையில் வளரும் விண்டர்கிரீன் செடியின் இலையிலிருந்து எடுக்கிற எண்ணெயும் ஏறக்குறைய முழுக்க அதுதான், ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தக்காரர். சூடு பட்டால் அது தோலுக்குள் அதிகமாக இறங்கும். இந்த வகை வலித் தைலங்களால் தோல் வெந்துபோனவர்களைப் பற்றி 2012-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதைத் தாராளமாகப் பூசினால் ரத்தக் கசிவு வரை போகலாம். குழந்தைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு ஸ்பூன் குடித்தால், இருபது ஆஸ்பிரின் மாத்திரையை ஒன்றாக விழுங்கியதற்குச் சமம்.

மற்ற இலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாதநாராயணன் நம் சாலையோரச் செம்மயில்கொன்றையின் பங்காளி. இலை அதே மாதிரி பொடிப்பொடியாக இருக்கும், பூ வெளிறிய மஞ்சள். இலையை விளக்கெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ வதக்கி ஒற்றடம் கொடுக்கலாம், கொதிக்கவைத்துக் குளிக்கலாம். உள்ளுக்குச் சாப்பிட்டால் பேதியாகும். கொஞ்சம் அதிகமானால் நாலைந்து முறை போகும். வயதானவருக்கு, அதுவும் ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு, அது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். சித்த மருத்துவரைக் கேட்காமல் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். தழுதாழையை நொச்சி மாதிரியே பயன்படுத்தலாம். புளிய இலையை வேகவைத்துச் சுளுக்கு வீக்கத்தில் வைத்துக் கட்டுவது பழைய வழக்கம், தோலுக்குப் பாதுகாப்பானது. ஆமணக்கு இலை அகலமாக இருப்பதால் முழங்காலை ஒரே இலை சுற்றி வளைத்துவிடும். விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிக் கட்டுகிறார்கள், அதில் கெடுதல் இல்லை. கொட்டையில்தான் ரிசின் என்ற கடும் விஷம் இருக்கிறது. இலை பறிக்கப் போகும்போது கூட வருகிற பிள்ளைகள் கொட்டையை வைத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தைல மர இலையை வேது பிடிக்க, குளிக்க வைத்துக்கொள்ளலாம். அதன் எண்ணெயைச் சின்னக் குழந்தைகளுக்குத் தடவவோ கொடுக்கவோ கூடாது, வலிப்பு வரை போகும்.

பட்டால் சுணைத்து எரிகிற செந்தட்டிச் செடியை மூட்டில் அடித்துக்கொள்வார்களே, அதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தால், அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தில் 2000-ல், கட்டைவிரல் அடிமூட்டு வலி உள்ள 27 பேரிடம், அந்த ஊர்ச் சுணை இலையை வைத்துப் பார்த்தார்கள். சுணை இல்லாத இலை பட்டதைவிட வலி குறைந்தது. சுணையின் எரிச்சல் உள்வலியை மறைக்கிறது. எங்கள் ஊர்ச் செந்தட்டியும் அந்த இலையும் ஒரே செடி அல்ல, அதனால் நான் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

எருக்கைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலையை அடுக்கி, அதன்மேல் குதிகாலை வைத்து எடுக்கும் வைத்தியம் தெரியாத வீடு இல்லை. பலருக்கு அதில் சுகம் கிடைக்கிறது. செங்கல் சூட்டை விடாமல் வைத்திருக்கிறது, பாதத் தசை தளர்கிறது. அந்தச் சுகத்தில் எருக்கின் பங்கு சின்னது, செங்கல்லின் பங்கு பெரியது. ஆனால் ஆபத்தில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

எருக்கிலையைக் கிள்ளினால் காம்பு முனையில் பால் வெள்ளையாகத் திரண்டு, விரலில் வழிந்து, காய்ந்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அதில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும், இதயத்தைப் பாதிக்கும் கிளைக்கோசைடுகளும் இருக்கின்றன. தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம். அந்த விரலோடு கண்ணைக் கசக்கினால்தான் பெரிய சிக்கல். சுண்ணாம்போ மிளகாயோ பட்டால் உடனே எரியும், ஓடிப்போய்க் கழுவுவோம். எருக்கம்பால் பட்டால் பலருக்கு வலியே தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வை மங்கும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கருவிழியின் உட்படலம் பாதிக்கப்பட்டு விழி வீங்கிப்போவதால் வருவது அது. சிகிச்சையில் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்புகிறது. உட்படலத்தில் அழிந்த செல்கள் திரும்ப வளர்வதில்லை. பால் பட்டது தெரிந்தால் வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஓடும் தண்ணீரில் 15 நிமிஷமாவது கழுவிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். எருக்கை விடவே முடியாது என்கிறவர்கள் கையுறை போட்டுப் பறித்து, காம்பு பகுதியைக் கிள்ளி எறிந்து, பால் வடிந்ததும் இலையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பயன்படுத்தட்டும். அம்மாவுக்குச் செங்கல்லும் வேண்டாம், எருக்கும் வேண்டாம்.

ஊமத்தை விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 'வெளியேதானே போடுகிறோம், உள்ளே போகாதே' என்பது தப்புக் கணக்கு. ஊமத்தையில் இருக்கும் ஸ்கோபாலமின் தோல் வழியாக உள்ளே போகக் கூடியது. பயண வாந்திக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டையில் இருக்கும் மருந்தே அதுதான். பட்டையில் அளவு உண்டு, இலைக்கு அளவு கிடையாது. ஒரு செடிக்கும் இன்னொன்றுக்கும், தளிருக்கும் முற்றலுக்கும் விஷத்தின் அளவு மாறும். அதிகமானால் வாய் வறளும், கண் பாப்பா விரியும், நெஞ்சு படபடக்கும், ஆள் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார். புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், கண்ணழுத்தம் உள்ளவருக்கு அழுத்தம் ஏறும். கைப்பக்குவம் தெரிந்த வைத்தியர் முறையாகக் காய்ச்சிய தைலம் வேறு விஷயம். வேலியில் பறித்து வதக்கி வைப்பதை நான் எந்த வயதுக்காரருக்கும் சொல்ல மாட்டேன்.

உள்ளுக்குச் சாப்பிடுவது பற்றி. முடக்கத்தான் கீரை ரசமாகவும் தோசை மாவில் அரைத்தும் நெடுங்காலமாகச் சாப்பிட்டுவருகிற கீரை. பலூன் மாதிரி ஊதிய மூன்று அறைக் காய், உள்ளே கறுப்பு விதையில் வெள்ளை நிற இதய வடிவப் புள்ளி. இந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டுப் பறியுங்கள். வீக்கத்தைக் குறைக்கும் குணம் விலங்குச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதற்குமேல் தேய்ந்த முட்டியை அது மாற்றும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதனால்தான் தேய்ந்தால் அது தானாகச் சரியாவதும் இல்லை, சாப்பிடுகிற எதுவும் அங்கே அவ்வளவு சுலபமாகப் போய்ச் சேர்வதும் இல்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கீரையாகச் சாப்பிடட்டும், கொஞ்சம் மலம் இளகும், வேறு தொந்தரவு இல்லை. தினமும் கஷாயமாகவோ பொடியாகவோ குடிப்பது கீரை சாப்பிடுவது ஆகாது, அது மருந்து. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். கர்ப்பிணிகளுக்கு இந்த இலைகள் எதையும் மருந்தளவில் உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம்.

மூட்டுவலிக்கு மூன்றே நாளில் வலியைப் பறக்கவைக்கிற பெயரில்லாப் பொட்டலப் பொடி யாராவது தந்தால் வாங்காதீர்கள். மூலிகை அப்படி வேலை செய்யாது. அப்படி வேலை செய்வது ஸ்டீராய்டு. மூலிகைப் பொடி என்ற பேரில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்து விற்றது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. வலி போன கையோடு பசி கூடி, முகம் உப்பி, கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென்று 300-ஐத் தாண்டினால் முதலில் அந்தப் பொடியைச் சந்தேகப்படுங்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

கிழி ஒற்றடம் கொடுத்ததும் அம்மாவுக்கு வலி ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் குறையும். அந்த நேரத்தை அப்படியே படுத்துக் கழித்தால் இலையின் பலன் அதோடு முடிந்தது. தேய்ந்த முட்டியைத் தாங்குவது தொடைத் தசைதான். வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்தால் தசை மெலியும், மெலிந்தால் முட்டியில் சுமை கூடும், கூடினால் இன்னும் வலிக்கும். ஒற்றடம் முடிந்த பத்து நிமிஷத்தில் பயிற்சி தொடங்கட்டும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து வரை எண்ணி விட வேண்டும். படுத்துக்கொண்டு ஒரு காலை மடக்காமல் ஒரு சாண் தூக்கி நிறுத்தி இறக்க வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், முதலில் உயரமான நாற்காலியில். ஒவ்வொன்றும் பத்துப் பத்து. உடம்பு எடை அதிகமாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் ஏறக்குறைய நாலு கிலோ சுமை குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதை எந்த இலையும் செய்யாது. ஒற்றடத்தையும் பயிற்சியையும் ஆறு வாரம் விடாமல் பாருங்கள். மாடிப்படியில் வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் தேய்மானத்துக்கும் சாதாரணத் தசைவலிக்கும். ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டு, கூடவே காய்ச்சலும் இருந்தால் இலையைத் தொடாதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், சில நாளில் மூட்டே கெட்டுவிடும், அன்றைக்கே மருத்துவமனை. ராத்திரியில் கால் கட்டைவிரல் உயிர்போகிற மாதிரி வலித்தால் யூரிக் அமிலம் பார்க்க வேண்டும். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு கை விரல்களும் மடக்க முடியாமல் இறுகியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மூட்டு கோணிக்கொண்டு போகும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நிற்கிற மூட்டுவலிக்கு மட்டும் நொச்சி ஒற்றடம் தாராளமாகப் போடலாம். 2006-ல் அந்தக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியபோது வீட்டுக்கு வீடு இதைத்தான் செய்தார்கள்.

தம்பியின் தோளுக்கு வருவோம். எடை தூக்கியோ விழுந்தோ இன்று நேற்று பிடித்தது என்றால் முதல் இரண்டு நாள் சூடு வேண்டாம். உள்ளே வீக்கம் ஏறுகிற நேரம் அது, துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். மூன்றாம் நாளிலிருந்து நொச்சிக் கிழி போடலாம். கழுத்தின் பக்கவாட்டில் அழுத்தித் தேய்க்காமல், தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கிற தசையில் கொடுங்கள். இடது தோள் வலி நடந்தால் கூடி, நின்றால் குறைந்து, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் அது தசை இல்லை, இதயமாக இருக்கலாம், உடனே ஈசிஜி. அதெல்லாம் இல்லாமல், கையைத் தூக்கவும் பின்னால் கொண்டுபோய்ச் சொறியவும் முடியாத இறுக்கம் வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் தோள் உறைந்துவருகிறது. அதற்கு ஒற்றடத்தோடு முறையான பிசியோதெரபியும் வேண்டும். உறைந்த தோள் சர்க்கரைக்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். சிலருக்குச் சர்க்கரை இருப்பதே தோளைக் காட்டப் போன இடத்தில்தான் தெரியவருகிறது. அம்மாவுக்கு இருப்பதால், தம்பியும் வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடட்டும்.